மாமா ஓவனில் வைத்த கோழி

நம் வீடுகளில் ஓவனுக்கு வருடத்தில் ஒரு மாதம்தான் வேலை. தீபாவளிக்கு முன்பு பிஸ்கட், கேக் என்று ஓயாமல் உழைக்கும். அதன் பிறகு பொரிக்கும் சட்டிகளை அடுக்கி வைக்கும் அலமாரி ஆகிவிடும். எங்கள் ஜெஞ்சாரோம் வீட்டிலும் போன வருடம் வரை அதே கதைதான்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினால் வீடு சேர ஏழரை ஆகும். கிள்ளான் - பந்திங் சாலையில் ஒரு லாரி பழுதாகி நின்றால் எட்டு. சீனப் புத்தாண்டின்போது தோங் ஸென் ஆலயத்து விளக்குகளைப் பார்க்க வரும் கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்கு மேல் வெங்காயம் நறுக்கிக் கறி வைத்தால் ஒன்பது மணி. அதனால் வாரத்தில் நான்கு நாள் தாப்பாவ்தான். மாமனாருக்குச் சர்க்கரை. ஒரு நாள் மாத்திரை போட்டுவிட்டு எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தவர், கை நடுங்கி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். சீனித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கோழி கேசரோல் நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களிடம் கேசரோல் என்றால் சப்பாத்தியைச் சூடாக வைக்கும் டப்பாவைக் காட்டுவார்கள். பிரெஞ்சு மொழியில் அது வெறும் சட்டிதான். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு ஓவனில் தள்ளிவிடுவது. கிளற வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். சமைக்கத் தெரியாதவர்கூட வைக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஒரு கிலோ கோழித் தொடை, எலும்போடு. நெஞ்சுக் கறி வேண்டாம், வறண்டுவிடும். இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் இரண்டு தேக்கரண்டி, சோம்புத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்புக் கிச்சாப் மூன்று மேசைக்கரண்டி. தனியாக உப்பு போடாதீர்கள். இனிப்புக் கிச்சாப் ருசிதான், ஆனால் அதில் சீனி அதிகம். சர்க்கரை உள்ள வீட்டில் வேண்டாம். இதைக் கோழியில் பிசறி, அரை அங்குலக் கனத்தில் நறுக்கிய மூன்று உருளைக்கிழங்கு, ஒரு கேரட், இரண்டு பெரிய வெங்காயத்தின் மேல் பரப்பி, பட்டை, கறிவேப்பிலை போட்டு, அரைக் கப் தண்ணீர் விட்டு, முதல் நாள் இரவே மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். உருளைக்கிழங்கு இருப்பதால் அன்று சோறு பாதி அளவுதான்.

கோழியை மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசுவது நம் பழக்கம். நான் விட்டுவிட்டேன். அலசும்போது தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் சிங்க் முழுக்கப் பரவுகிறது. அதைக் கொல்வது சூடுதான், கழுவுவது அல்ல. என் அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!

ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். முதல் தடவை கண்ணாடிப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனில் வைக்கச் சொல்லிவிட்டேன். இரண்டாகப் பிளந்தது. இப்போது கேக் செய்யும் தகரத் தட்டு, மேலே அலுமினியத் தாள்.

6.30க்கு மாமா ஓவனை 200 டிகிரிக்குத் திருப்புகிறார். கால் மணி நேரம் கழித்துத் தட்டை உள்ளே வைக்கிறார். நாற்பது நிமிடம் மூடி, பிறகு தாளை எடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம். எலும்புப் பக்கம் கத்தியால் குத்தினால் சிவப்பு நீர் வரக்கூடாது. வெப்பமானி இருந்தால் உள்ளே 74 டிகிரி காட்ட வேண்டும். நாற்பது வருடம் அடுப்படிப் பக்கமே வராத மனிதர், இதையெல்லாம் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை சாலை அடைப்பில் நின்றபோது கைப்பேசி அடித்தது. "எங்கம்மா வந்துட்டிருக்கே? வாசம் பக்கத்து வீடு வரைக்கும் போகுது. நான் சாப்பிட்டுட்டேன். உனக்கு ரெண்டு தொடை எடுத்து மூடி வச்சிருக்கேன், மெதுவா வா."