கோடிப் பேர் ஆடினால் மட்டும் போதுமா?

2020 ஏப்ரலில், உலகமே ஊரடங்கில் கிடந்தபோது, ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டின் இசை நிகழ்ச்சி நடந்தது. முதல் காட்சியில் ஒரே நேரத்தில் 1 கோடியே 23 லட்சம் பேர் கலந்துகொண்டதாக எபிக் கேம்ஸ் நிறுவனம் அறிவித்தது. மனித வரலாற்றின் மாபெரும் கூட்டங்களில் ஒன்று என்று அதைப் பலரும் வியந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடவே இல்லை. ஏறத்தாழ 50 பேர் கொண்ட சிறு குழுக்களாக அவர்களைப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அதே மேடையின் தனிப் பிரதியைச் சர்வர்கள் காட்டின. ஒரு பிரதியில் துள்ளிக் குதித்தவருக்கு அடுத்த பிரதியில் யார் இருந்தார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இப்படிப் பார்த்தால் அங்கே கூடியது கோடிப் பேரா, 50 பேரா?

எம்.எம்.ஓ. எனப்படும் பெருந்திரள் இணைய விளையாட்டு எது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் எண்ணிக்கையைத்தான் விடையாகச் சொல்கிறார்கள். அந்த அளவுகோல் எளிதில் உடைந்துவிடும். இணையத்தில் சதுரங்கம் ஆடுவோர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு பலகைக்கும் இருவர்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த பப்ஜியில் ஒரு மேட்ச்சுக்கு 100 பேர் குதிக்கிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து லாபிக்குத் திரும்புகிறார்கள். அடுத்த மேட்ச்சில் இடிந்ததும் எரிந்ததும் பழையபடி முழுதாக நிற்கும். பெருந்திரளைத் தீர்மானிப்பது இரண்டு தன்மைகள் என்பது என் வாதம். முகம் தெரியாத ஒருவர் செய்தது என்னை வந்து எட்ட வேண்டும். நான் வெளியேறித் தூங்கப் போன பிறகும் அந்த விளைவு அங்கேயே இருக்க வேண்டும். இவை இரண்டும் சேரும் அளவுக்கு ஆட்கள் இருந்தால் போதும். அதற்கு மேல் எத்தனை சுழியம் சேர்ந்தாலும் விளையாட்டின் இயல்பு மாறாது.

1997-ல் வந்த அல்டிமா ஆன்லைன் இதை முதலில் துலக்கமாகக் காட்டியது. அதை உருவாக்கியவர்கள் ஓர் உயிர்ச்சூழலையே கட்டமைத்திருந்தார்கள்: தாவர உண்ணிகள் மேயும், வேட்டை விலங்குகள் அவற்றைத் தின்னும், இரை குறைந்தால் அவை ஊர்ப்பக்கம் வரும். சோதனையில் அழகாக இயங்கிய அந்தச் சக்கரம், ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்ததும் நின்றுபோனது. கண்ணில் பட்டதையெல்லாம் ஆட்டக்காரர்கள் கொன்று தீர்த்தார்கள்; விலங்குகள் மீண்டும் தோன்றும் வேகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. எந்தத் தனி மனிதரும் காட்டை அழிக்கத் திட்டமிடவில்லை. ஒருவரையொருவர் அறியாத பலரின் சிறு செயல்கள் கூடி, யாரும் நினைக்காத ஒன்றைச் செய்து முடித்தன. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆடும் விளையாட்டில் இது நடக்க வழியில்லை.

அப்படியானால் எல்லாரையும் ஒரே உலகில் விடுவதுதானே? கணக்கு இடம் கொடுப்பதில்லை. ஓர் இடத்தில் 100 பேர் நின்றால், ஒவ்வொருவரின் அசைவையும் மற்ற 99 பேருக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 9,900 செய்திகள். ஆயிரம் பேர் என்றால் அதுவே 9,99,000. ஆட்கள் பத்து மடங்கானால் சர்வரின் சுமை நூறு மடங்காகிறது. ஆகவே அருகில் இருப்பவரின் அசைவை மட்டும் அனுப்புவது, ஒரே உலகின் பல பிரதிகளைத் தனித்தனிச் சர்வர்களில் ஓட்டுவது என்று பொறியாளர்கள் பல வழிகளைக் கையாள்கிறார்கள்.

ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் உருவாக்கி 2003-ல் வெளிவந்த ஈவ் ஆன்லைன் வேறு வழியில் போனது. சீனாவுக்கான தனிச் சர்வரைத் தவிர, ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் ஒரே விண்வெளிதான். 2014 ஜனவரியில் ஆட்டக்காரர்களின் கூட்டணி ஒன்று தன் விண்மண்டலத்துக்கான பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டத் தவற, அந்த இடம் உரிமையற்றுப் போனது. எதிரிகள் பாய்ந்தார்கள். ஏறத்தாழ 21 மணி நேரம் நீண்ட சண்டையில் 7,500-க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தார்கள். சுமை தாங்காத சர்வர், விளையாட்டின் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குத் தாழ்த்தியது. ஒரு நிமிடத்தில் முடிய வேண்டியது பத்து நிமிடம் பிடித்தது. கூட்டத்தைப் பிரிப்பதைவிடக் காலத்தை மெதுவாக்குவது மேல் என்ற அந்த முடிவு, என் பார்வையில், இத்துறையின் மிக நேர்மையான பொறியியல் முடிவு. பல பேர் தோண்டிய கனிமத்தால் வாரக்கணக்கில் கட்டப்பட்ட டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன. அவை திரும்ப வரவில்லை. சிதைந்த கப்பல்களை அந்த இடத்திலேயே நிரந்தர நினைவுச் சின்னமாக நிறுவனம் நிறுத்தியது.

பிரிக்கப்படாத ஒரே உலகை அளவுகோலாக வைத்தால், 2010-ல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்ட வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் தோற்றுவிடாதா என்று கேட்கலாம். அதுவும் நூற்றுக்கணக்கான சர்வர்களாகப் பிரிந்ததுதானே? தோற்காது. ஒவ்வொரு சர்வரிலும் முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் ஒரே நகரங்களில் நடமாடினார்கள், அது போதும். 2005 செப்டம்பரில் ஹக்கார் என்னும் அரக்கனோடு மோதியவர்களுக்கு அவன் ஒரு தொற்றுச் சாபத்தைக் கொடுத்தான். அவனோடு மோதும் குழுவுக்கான தனி அறைக்குள்ளேயே அது முடிய வேண்டியது. ஆட்டக்காரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியாகப் பொது உலகுக்குக் கசிந்துவிட்டது. நகரங்களில் பிணங்கள் குவிந்தன. சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் மற்றவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள், வேண்டுமென்றே பரப்பியவர்களும் உண்டு. எரிக் லாஃப்கிரன், நீனா ஃபெஃபர்மன் என்ற ஆய்வாளர்கள் 2007-ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். சுவர் எழுப்பிய அறைக்குள் நடந்தவரை அது வெறும் சண்டை. கசிந்த பிறகுதான் அது சமூக நிகழ்வானது.

திரையில் ஒரே நேரத்தில் தெரிவது சில டஜன் பேர்தான், மீதி ஆயிரம் பேர் இருந்தென்ன என்பது இன்னொரு மறுப்பு. கோயம்பேட்டில் தக்காளி வாங்குபவர் ஆந்திரத்து விவசாயியைப் பார்ப்பதில்லை, ஆனால் அங்கே பெய்த மழை இங்கே விலையில் தெரிகிறது. ஈவில் கனிமச் சந்தையும் அப்படித்தான்: பார்க்காதவரின் போர், உங்கள் கப்பலின் விலையை ஏற்றிவிடும். எல்லைக்கோட்டில் நிற்கும் விளையாட்டுகள் இருக்கவே செய்கின்றன. 2005-ல் வந்த கில்டு வார்ஸில் ஊர்கள் மட்டும் பொது. ஊரைத் தாண்டினால் உங்கள் குழுவுக்கெனத் தனிப் பிரதி. அதை எம்.எம்.ஓ. என்று அழைக்க உருவாக்கியவர்களே தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன்; விளம்பரத்துக்காக அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ளும் நிறுவனங்களிடம் அது இல்லை.

இந்தப் பாகுபாடு வெறும் வகைப்படுத்தும் ஆசையும் இல்லை. நிலைத்த பொது உலகில் உழைப்பு சேர்கிறது, பொருளுக்குத் தட்டுப்பாடு வருகிறது, விலை பிறக்கிறது. எவர்குவெஸ்ட் என்னும் எம்.எம்.ஓ.வின் பொருள்கள் நிஜ டாலருக்கு ஏலம் போனதை வைத்து, அந்தக் கற்பனை உலகின் தலா உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது என்று பொருளியலாளர் எட்வர்டு காஸ்ட்ரனோவா 2001-ல் கணக்கிட்டார். அப்படிச் சேர்ந்ததெல்லாம் ஒரு நிறுவனம் சர்வரை அணைத்தால் போய்விடும். சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்னும் எம்.எம்.ஓ. 2012 நவம்பரில் மூடப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கிய வட்டு வீட்டில் இருந்தும் பயனில்லை. பின்னாளில் ரசிகர்களே சர்வர்களை அமைத்து அதை மீட்டார்கள். 2024 ஜனவரியில் அவர்களில் ஹோம்கமிங் குழுவுக்கு, விளையாட்டின் உரிமையாளரான என்.சி.சாஃப்ட் முறைப்படி உரிமமும் கொடுத்தது. நகரம் திரும்பக் கிடைத்தது, கூட்டமும் வந்தது. திரும்பி வந்தவர்கள் தங்கள் நாயகர்களை முதல் நிலையிலிருந்து புதிதாக வளர்க்க வேண்டியிருந்தது.