பாட்டி தந்த பவுன்: தரம் பார்ப்பது எப்படி?

நம் வீடுகளில் 'ராணித் தலைப் பவுன்', 'ராஜா தலைப் பவுன்' என்ற பெயரில் பெட்டிக்குள் உறங்கும் காசுகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் சவரன்களே. 22 காரட் தங்கம், எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். இந்தக் கணக்கு எந்த நகைக்கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் காசின் 'நிலை' என்று ஒன்று உண்டு. அதைக் காண தராசு போதாது. கண்ணும் பொறுமையும் வேண்டும். மும்பையில் பல ஆண்டுகளாகப் பழங்காசு சேர்த்து வருபவன் என்பதால், மன்ற அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் விஷயம் இது.

காசில் மேடாக நிற்கும் இடங்களே முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் காசில் புருவம், மீசை, காதுக்கு மேலுள்ள முடி ஆகியவற்றைப் பாருங்கள். மறுபுறம், டிராகனைக் கொல்லும் செயின்ட் ஜார்ஜின் தலைக்கவசம், மார்பு, குதிரையின் கழுத்து. நுண்கோடுகள் பல மறைந்து உருவம் மட்டும் தெளிவாக இருந்தால் 'ஃபைன்'. மேடுகள் மட்டும் மழுங்கியிருந்தால் 'வெரி ஃபைன்'. லென்ஸ் வைத்துத் தேடினால்தான் தேய்மானம் தெரியும் என்றால் 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்'. தேய்மானமே இல்லையென்றால் 'அன்சர்குலேட்டட்'. அமெரிக்கர்கள் இதையே 1 முதல் 70 வரை எண்ணால் சொல்கிறார்கள். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் செம்புக் காசுகளுக்காக வகுத்த அளவுகோல் அது.

தேய்மானம் வேறு, காயம் வேறு. அச்சுச்சாலைப் பையில் காசோடு காசு மோதிய வடு கூர்மையாகப் பளிச்சிடும். கைபட்டுத் தேய்ந்த இடம் மங்கித் தட்டையாக இருக்கும். எடையும் ஒரு சாட்சி. பிரிட்டனின் 1870-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 7.94 கிராமுக்குச் சற்றே கீழே இறங்கிய சவரன் செல்லாக்காசு!

புழங்காத காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்தால், ஒளி அதன் மேல் சக்கரம்போல் சுழன்று வரும். அச்சு விழுந்த வேகத்தில் பிறந்த மினுமினுப்பு அது. பூந்திக்கொட்டை, பல்பொடி, பிரஷ் என்று ஒருமுறை தேய்த்துவிட்டால் போயிற்று! மெல்லிய கீறல்கள் விழும். எந்தப் பட்டறையிலும் பழைய ஒளியைத் திரும்பப் பெற முடியாது. உரைகல்லில் உரைப்பதும் அப்படியே. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கும், வளையத்தை எடுத்து ராவிய காசுக்கும் பொதுவாகத் தங்க விலைதான். பொருள் குற்றமில்லை, சேகரிப்பாளர் கூடுதல் விலை தரமாட்டார், அவ்வளவுதான்.

மாதுங்காவில் ஒரு குடும்பம். நான்கு சகோதரிகளுக்குப் பாட்டியின் நான்கு சவரன். எடை ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மெருகு போடுவதாகத் தீர்மானம். நான் பார்த்தபோது மூன்றில் வளையத் தடம். துணியில் முடிந்து வைத்திருந்த நான்காவது, தேய்மானம் படாத காசு. "அக்கா, இதைத் தொடாதீர்கள். இது மற்றவற்றுக்குச் சமமும் அல்ல" என்றேன். அதற்குத் தனியே விலை மதித்துக் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். நிலை பார்க்காத பங்கீடு நியாயமான பங்கீடு ஆகாது.

1918 என்ற ஆண்டுக்கு மேலே, தரைக்கோட்டில் 'ஐ' என்ற சிறிய ஆங்கில எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது நம் மும்பை அச்சுச்சாலையில் பிறந்த சவரன்! அந்த ஒரே ஆண்டைத் தாங்கி மட்டும் பிரிட்டிஷார் காலத்தில் இங்கே சவரன் வெளிவந்தது.

ஓர் எச்சரிக்கை. நூறு ஆண்டு கடந்த காசு, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். தரச் சான்றுக்கென்றோ, மகனுக்குப் பரிசென்றோ தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

இனிப் பெட்டியைத் திறக்கும்போது காசை ஓரத்தில் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இடுங்கள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். விளக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள்!