வெள்ளைச் சுவருக்குக் கீழே கறுப்புக் கல்

இஸ்ரேலின் வடக்கே உள்ள கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. அதன் கரையில் இருக்கிறது கப்பர்நகூம். இயேசு போதித்ததாகவும் மீனவர் பேதுரு வாழ்ந்ததாகவும் பைபிள் கூறும் ஊர் இது.

அங்கு செல்வோரின் கண்ணில் முதலில் படுவது யூதர்களின் பழைய தொழுகைக்கூடம். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தூண்கள் வெயிலில் பளிச்சென்று நிற்கின்றன. ‘இயேசு போதித்த கூடம் இதுதான்’ என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஆனால், நாணயங்கள் வேறு கதை சொல்கின்றன. தரைத்தளத்தின் அடியில் 4ஆம், 5ஆம் நூற்றாண்டு நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. காசு கீழே இருந்தால், தளம் அதற்குப் பிறகுதானே போடப்பட்டிருக்க வேண்டும்?

சற்றுக் குனிந்து சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள், மாணவர்களே. அங்கே இருப்பது கறுப்பு எரிமலைக்கல். இயேசு காலத்துக் கூடத்தின் மிச்சம் அது என்கின்றனர் அகழாய்வு செய்தவர்கள். வெள்ளைக் கட்டடத்துக்கு இடப்பட்ட அடித்தளம்தான் என்பது வேறு சில ஆய்வாளர்களின் வாதம். இன்னும் முடிவு எட்டப்படவில்லை.

அருகிலேயே பேதுருவின் வீடாகக் கருதப்படும் இடம். 5ஆம் நூற்றாண்டில் அதன்மேல் எண்கோணத் தேவாலயம் எழுந்தது. 1990இல் திறக்கப்பட்ட புதிய தேவாலயமோ தூண்கள்மீது நிற்கிறது. கண்ணாடித் தளத்தின் வழியாகக் கீழே உள்ள பழைய சுவர்களைக் காணலாம்.

அந்த வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் பலமுறை சாந்து பூசியிருக்கிறார்கள். பேதுருவின் வீடு என்பதற்கு அது போதிய சான்றல்ல. ஆனால், அந்தச் சாந்தில் கிரேக்க எழுத்துகளில் இயேசுவின் பெயர் கீறப்பட்டிருக்கிறது. சுவரில் கிறுக்கிவிட்டுப் போகும் பழக்கம் அன்றே இருந்திருக்கிறது!