நுரை கட்டாத தண்ணீர்: புத்தளத்துக் கிணறும் சவரப் பிரஷும்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் மன்னார்த் தீவிலிருந்து படகில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது, வாப்பாவின் பையில் இரண்டு சாரம், ஒரு சட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு சவரப் பிரஷ் ஆகியவை இருந்தன. விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களில் நாங்களும் ஒரு குடும்பம்.

சில நாட்கள் கழித்து வாப்பா முகம் வழிக்க உட்கார்ந்தார். நிவாரணத்தில் கிடைத்த குளியல் சவர்க்காரத் துண்டில் பிரஷை எத்தனை தரம் சுழற்றியும் நுரை வரவில்லை. தயிர் திரிந்ததுபோல வெள்ளைத் துணுக்குகள்தான் பிரஷில் ஒட்டின. அதையே பூசி வழித்தார். கன்னத்தில் மூன்று இடத்தில் இரத்தம். "சவுக்காரத்துல பிழையில்ல மகன். தண்ணிதான் வேற" என்றார்.

அவர் சொன்னது சரி. ஆனால் அந்தத் தண்ணீரிலும் நல்ல நுரை எடுக்கலாம் என்பதை முகாமில் முடி வெட்டிக்கொண்டிருந்த ஒஸ்தா ஒருவர்தான் காட்டித் தந்தார். அந்த முறையையும், அது ஏன் வேலை செய்கிறது என்பதையும் எழுதுகிறேன். நுரையைப் பற்றித் தெரிந்துகொண்டால் நம் கிணறுகளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

திரிந்துபோவது எது?

எண்ணெய் அல்லது கொழுப்போடு காரம் சேரும்போது சவர்க்காரம் உண்டாகிறது. சோடியம் காரம் கட்டியான சவர்க்காரத்தைத் தரும். பொற்றாசியம் காரம் மென்மையானதைத் தரும். நல்ல சவரச் சவர்க்காரத்தில் இரண்டும் கலந்திருக்கும். அதில் ஸ்ரியரிக் அமிலம் தாராளமாக இருப்பதால் நுரை சிறு குமிழ்களாக, நெருக்கமாக, பல நிமிடம் அடங்காமல் நிற்கும். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் சட்டென்று பொங்கும். அதன் குமிழ்கள் பெரியவை, விரைவில் உடைந்துவிடும். குளியல் சவர்க்காரத்தால் முகம் வழிக்கும்போது பாதியிலேயே கன்னம் காய்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புத்தளம் சுண்ணாம்புக்கல் நிலம். அருவக்காலுவில் தோண்டப்படும் சுண்ணாம்புக்கல்லில்தான் பாலாவி சீமெந்துத் தொழிற்சாலை இயங்குகிறது. கற்பிட்டிப் பக்கம் மணற்பாங்கானது என்றாலும் அந்த மணலில் சிப்பியும் ஊரியும் கலந்திருக்கின்றன. இவற்றின் ஊடாக இறங்கும் மழைநீர் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வன்னீராகிறது. சவர்க்காரம் அந்த நீரில் பட்டவுடன் கல்சியம் அதிலுள்ள கொழுப்பமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படி உண்டாகும் பொருள் நீரில் கரையாது, நுரைக்காது. வாப்பாவின் பிரஷில் ஒட்டியது அதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் குளித்தவர்களுக்கும் இது பழக்கமான விஷயம். அங்கேயும் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றரில் 180 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை உள்ள நீரை மிகக் கடினமான நீர் என்பார்கள். 300 மில்லிகிராம் உள்ள நீரை எடுத்துக்கொண்டால், அதன் ஒவ்வொரு லீற்றரும் ஏறத்தாழ 1.8 கிராம் சவர்க்காரத்தைத் தின்றுவிடும். அதற்குப் பிறகுதான் முதல் நுரை வரும். துணி ஊறவைக்கும் 20 லீற்றர் வாளியில் 36 கிராம் இப்படி வீணாகும். 100 கிராம் கட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முகாமில் சவர்க்காரம் மாத நடுவிலேயே தீர்ந்துபோக, உம்மா எங்கள் மேல் சந்தேகப்பட்டார். பாவம், தின்றது தண்ணீர்.

ஆனால் முகச்சவரத்துக்குத் தேவைப்படும் நீர் இரண்டு மேசைக்கரண்டி, ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். அது தின்னக்கூடிய சவர்க்காரம் 0.05 கிராம் மட்டுமே. அந்தச் சிறு கடனை முதலிலேயே அடைத்துவிட்டால் மிச்சமெல்லாம் நுரைதான். ஒஸ்தாவின் இரகசியமும் இதுவே. "பிரஷ்ஷ நல்லா ஒதறுங்க. தண்ணியக் கொறச்சு சவுக்காரத்தக் கூட்டுங்க. தண்ணி பொறகு சேரலாம்" என்பார். வாப்பா ஒவ்வொரு சுழற்றுக்கும் பிரஷைக் குவளையில் முக்கியெடுத்தார். ஒவ்வொரு முக்கலும் புதிய கல்சியத்தைக் கொண்டுவந்தது.

பிரஷ் எதனால் செய்தது?

சந்தையில் கிடைக்கும் மலிவான மயிர்ப் பிரஷ்களில் பெரும்பாலானவை பன்றி மயிரால் ஆனவை. முஸ்லிம் வீடுகளில் இதைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். கடைக்காரருக்கும் தெரியாவிட்டால் ஒரேயொரு இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். விலங்கு மயிரென்றால் முடி கருகும் வாடை வரும், விரலில் நசுக்கினால் பொடியாகும். நைலோன் போன்ற செயற்கை இழையென்றால் உருகிக் கெட்டியான சிறு முத்தாகும். எந்த விலங்கின் மயிர் என்பதை நெருப்பு சொல்லாது. செயற்கை இழையா இல்லையா என்பதை மட்டும் சொல்லும்.

குதிரை மயிர்ப் பிரஷும் உண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்காத குதிரை மயிர்ப் பிரஷ்களால் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் அந்திரக்ஸ் நோய் தொற்றியது. மூலம் தெரியாத பழைய மயிர்ப் பிரஷ்களைத் தவிர்ப்பது நல்லது. இன்றைய செயற்கை இழைப் பிரஷ் மலிவானது, விரைவில் காயும், நன்றாக நுரைக்கும்.

நுரை எடுக்கும் முறை

முதலில் முகத்தை வெந்நீரால் கழுவி, இரண்டு மூன்று நிமிடம் ஈரமாகவே விடுங்கள். மயிர் நீரை உறிஞ்சினால்தான் பிளேட்டுக்கு இளகிக்கொடுக்கும். அந்த ஈரத்தை மயிரோடு பிடித்து வைப்பதும் பிளேட்டை வழுக்கச் செய்வதும்தான் நுரையின் வேலை.

மயிர்ப் பிரஷென்றால் அந்த நேரத்தில் அதையும் நீரில் ஊறவிடுங்கள். செயற்கை இழைக்கு நனைத்தெடுத்தால் போதும். சவர்க்காரத்தின் மேல் சில துளி நீர் விட்டு வையுங்கள்.

பிறகு பிரஷை நன்றாக உதறி, சவர்க்காரத்தின் மேல் வட்டமாகச் சுழற்றுங்கள். மென்னீரில் 30 விநாடி போதும் என்றால் நம் கிணற்று நீருக்கு ஒரு நிமிடமாவது வேண்டும். பிரஷ் நுனியில் பற்பசைபோலக் கெட்டியான களி ஒட்டும்வரை நிறுத்த வேண்டாம். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எது செய்தும் சரிவராது.

அந்தக் களியை முகத்திலோ ஒரு கிண்ணத்திலோ வைத்துச் சுழற்றத் தொடங்குங்கள். பிரஷ் நுனியை மட்டும் நீரில் தொட்டு, நாலைந்து துளியாகச் சேருங்கள். ஒவ்வொரு தொடுதலுக்குப் பிறகும் பதினைந்து இருபது சுழற்று. மூன்று நான்கு தடவைக்குள் களி இளகி, மினுமினுப்பு ஏறி, கெட்டித் தயிர் பதத்துக்கு வரும். விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்க வேண்டும். தடவித் தடவிப் போவதாக இருந்தால் நீர் போதாது. கண்ணுக்குத் தெரியும் பெரிய குமிழ்கள் வந்தால் நீர் கூடிவிட்டது, மறுபடி சவர்க்காரத்தில் சுழற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திரிந்தால் தண்ணீரை மாற்ற வேண்டியதுதான். மாரி காலத்தில் தறப்பாள் விளிம்பில் வடியும் மழைநீரைப் போத்தலில் பிடித்து வைப்பார் ஒஸ்தா. மழைநீரில் கல்சியம் இல்லாததற்குச் சமம். ஒரு போத்தல் பத்து நாள் சவரத்துக்குத் தாராளமாகப் போதும். மழை இல்லாதபோது நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை எடுக்கலாம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது நீரை விட்டு இறங்கிய சுண்ணாம்புதான். சலவைச் சோடாவும் நீரை மென்மையாக்கும், ஆனால் முகத்துக்கு அது கூடாது.

சவரம் முடிந்தபின் பிரஷை அலசி, உதறி, காற்றில் காயவிடுங்கள். வன்னீர்ப் படிவு அடியில் சேர்ந்து இழைகள் விறைத்தால், வினாகிரி கலந்த நீரில் கொஞ்ச நேரம் வைத்து அலசினால் போய்விடும். பிரஷைக் குடும்பத்துக்குள் பகிர்ந்தாலும் பிளேட்டை யாரோடும் பகிர வேண்டாம். ஈரல் அழற்சிக் கிருமி அதில் போகும்.

உவர் வேறு, கடினம் வேறு

கொதிக்கவைத்தும் நுரை வரவில்லை என்றால் நீரில் உப்பு ஏறியிருக்கக்கூடும். கற்பிட்டி போன்ற மணல் நிலத்தில் மழையால் வந்த நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கொள்கையளவில், நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும். அந்த ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் உவர்நீர் மேலேறி வரும். உப்பு கொதித்துப் போகாது. அது சவர்க்காரத்தை நீரில் கரையவிடாமல் ஒதுக்கும். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் மட்டும் உவர்நீரிலும் ஓரளவு நுரைக்கும். கப்பல்காரர்களுக்கென்று செய்த சவர்க்காரம் அப்படியானதுதான்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது ஊரவர் தங்கள் கிணறுகளைத் திறந்துவிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கென்று வெட்டிய கிணற்றில் ஐம்பது குடும்பம் அள்ளியது. எங்கள் முகாமுக்குப் பக்கத்துக் கிணறு அடுத்த கோடையில் கரித்தது. பிறகு தண்ணீரை வைத்து மனக்கசப்புகள் வந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் முதலில் கிணற்றைத் தந்தவர்கள் அவர்கள் என்பதை நாங்கள் மறக்கக் கூடாது.

சவர்க்காரமே இல்லாத பக்கம்

அதே ஆண்டுகளில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தது. தடைசெய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களில் சவர்க்காரமும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பனம்பழக் களியில் உடுப்புத் துவைத்ததைப் பின்னாளில் என்னோடு வேலை செய்த ஒரு அக்கா சொன்னார். "பனம்பழ வாசம் உடுப்ப விட்டுப் போகாது. மாடு துரத்தும்" என்று சிரித்தார்.

அதற்கும் அறிவியல் உண்டு. பனம்பழக் களியில் சப்போனின் வகைப் பொருட்கள் இருக்கின்றன. பனையின் தாவரவியல் பெயரை ஒட்டி அவற்றுக்கு பிளாபெலிபெரின் என்று பெயர். சப்போனின்கள் கல்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. அதனால் குடாநாட்டின் வன்னீரிலும் களி நுரைத்தது. அவர்களிடம் சவர்க்காரம் இல்லை, எங்களிடம் அதற்கேற்ற தண்ணீர் இல்லை. யாருடைய கஷ்டம் பெரிது என்று அளக்க நானும் அந்த அக்காவும் ஒருநாளும் முயன்றதில்லை.

நுரை சொல்லாதது

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியமானது. நன்றாக நுரைக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்ற நம்பிக்கை நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. புதுக் கிணறு வெட்டினால் முதலில் சவர்க்காரம் போட்டுத்தான் பார்ப்போம். நுரை கடினத்தையும் உவரையும் பற்றித்தான் சொல்லும். நைத்திரேற்றைப் பற்றிச் சொல்லாது.

கற்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் மணலில் விளைகின்றன. போடும் உரத்தை மணல் பிடித்து வைப்பதில்லை, அது நேரே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. அங்கே நைத்திரேற்று உயர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே பதிவு செய்துவிட்டார்கள். மலசலகூடக் குழிகள் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தாலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கலாம், உடல் நீலம் பாரிக்கலாம். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, வாசமில்லை. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடுமே தவிரக் குறையாது.

எனவே தோட்டத்துக்கோ குழிக்கோ பக்கத்தில் கிணறு உள்ளவர்கள், முக்கியமாகக் கைக்குழந்தை உள்ள வீட்டார், நீரை ஆய்வுகூடத்தில் பரிசோதியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்திலோ வழி கேளுங்கள். போர் முடிந்து ஊர் திரும்பி, பல ஆண்டு மூடிக்கிடந்த கிணற்றைத் துப்புரவாக்கியவர்களுக்கும் இது பொருந்தும்.

வாப்பா மௌத்தாகும்வரை மழைநீரில்தான் சவரம் செய்தார். குழாய்நீர் வந்த பிறகும் யன்னல் ஓரத்தில் ஒரு போத்தல் இருக்கும். இப்போது அந்தப் போத்தலை நான் நிரப்பி வைக்கிறேன்.