நீலத் திரை வந்தால் பயப்படாதீர்கள்

வேர்ட் போன்ற ஒரு புரோகிராமில் தகராறு என்றால் அது மட்டும் மூடிக் கொள்ளும். டிரைவரில் பிழை என்றால் விண்டோஸே நின்று, நீலத் திரை தோன்றலாம். காரணம், டிஸ்பிளே போன்றவற்றின் டிரைவர்கள் விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் இயங்குகின்றன.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவரால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் இப்படி முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

தீர்த்தமலையில் 20 அறைகள் உள்ள விடுதி ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள். 21-ஆம் அறை கேட்டால் மேனேஜர் "இல்லை" என்பார். இந்த டிரைவரில் அப்படிச் சொல்ல ஆளில்லை. மெமரியில் 20 மதிப்புகளே இருக்க, 21-ஆவதைப் படிக்கப் போய் அடுத்தவர் இடத்தில் கால் வைத்தது. எண்ணிக்கையைச் சரிபார்க்கும் சோதனையைப் பிறகுதான் சேர்த்தார்கள். பிழையான ஃபைலை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றும், ஏற்கெனவே விழுந்த கம்ப்யூட்டர்களில் பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து அதை அழிக்க வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டிலும் புதிய டிரைவர் பதிந்த பின் நீலத் திரை வந்தால் சேஃப் மோடில் செல்லுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பிராப்பர்டீஸ் திறந்து, டிரைவர் டேபில் 'ரோல் பேக் டிரைவர்' பட்டனைக் கிளிக் செய்யுங்கள். பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிக்கப்படவில்லை என்று பொருள். சாதனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள்.