படி அளக்கத் தெரிந்த பாட்டியும் பள்ளிக்கு வரட்டும்

“பையில நோட்டே இல்ல. வீட்டுப்பாடமும் இல்ல. அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?” செயல்வழிக் கற்றல் வந்த புதிதில் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய முறை அது. முன்னின்று நடத்தியவர், அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் வளர்ந்த அட்டை முறைதான் அதற்கு வித்து. 2007இல் அது மாநிலம் முழுவதற்கும் போனது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை இறங்கியது. சுவரில் பாடங்களை வரிசைப்படுத்திய ஏணிப்படி, அதில் தன் படி எது என்று பார்த்து, அலமாரியிலிருந்து அந்தப் படிக்கான பாட அட்டையைத் தானே எடுத்துவந்து பிள்ளை உட்காரும். நான்கு நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளையும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஏழைக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய மரியாதையை எந்த வகுப்பறையும் அதுவரை கொடுத்ததில்லை என்பேன்.

ஆனால் அட்டைகள் பள்ளி அலமாரியிலேயே இருந்துவிட்டன. பிள்ளை என்ன கற்றது என்று வீட்டுக்குக் காட்ட வழியில்லை. ‘விளையாட விட்டுட்டாங்க’ என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பாடம் உண்டு. ஆட்டம், பாட்டு, பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. இந்த முறையாவது வீட்டாரை வாசலோடு நிறுத்திவிடக் கூடாது.

அவர்களிடம் கேட்டு வாங்க நிறைய இருக்கிறது. பின்னம் என்றால் மிரளும் பிள்ளைக்கு, பரணில் கிடக்கும் படியையும் உழக்கையும் பாட்டி எடுத்துவந்து அரிசி அளந்து காட்டட்டும். ஒரு படிக்கு இரண்டு உரி, நான்கு உழக்கு, எட்டு ஆழாக்கு. அரை, கால், அரைக்கால் மூன்றும் பிள்ளையின் உள்ளங்கையிலேயே கொட்டும். பல்லாங்குழியில் 14 குழி. குழிக்கு ஐந்து முத்து போட்டால் மொத்தம் எத்தனை என்று ஐந்தாம் வாய்ப்பாடு ஆட்டத்தோடு ஓடும். கொத்தனார் அப்பா வந்தால் இன்னும் விசேஷம். சுவரின் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்துக் குறுக்கே நூல் பிடிப்பார். 5 அடி வந்தால் மூலை மட்டம். எட்டாம் வகுப்பில் சூத்திரமாக வரப்போவதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வராந்தாவில் நூல் பிடித்துப் பார்த்துவிடும். தையல்காரரின் அளவு நாடா, பூக்கட்டும் அம்மாவின் முழம், காய்கறிக்காரரின் தராசு என்று ஒவ்வொரு தெருவிலும் இப்படி எவ்வளவோ உண்டு. பள்ளிக்கூடமே போகாத அம்மாவுக்கு, தன் பிள்ளையின் வகுப்பில் தன் தொழிலைக் காட்டி நிற்பது என்ன பெருமை! அந்தப் பெருமையைப் பார்க்கும் பிள்ளைக்கும் அது பாடம்தான்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. அந்தத் திட்டத்தில் கழிவறை, சுற்றுச்சுவர், குடிநீரோடு, ‘இந்தப் பருவத்தில் எந்த வீட்டார் எந்தப் பாடத்துக்கு வருகிறார்கள்’ என்றும் ஒரு பக்கம் எழுதலாம்.

நேரம்தான் சிக்கல். வேலை நாள் பிற்பகலில் அழைத்தால் கூலிக்குப் போகிறவர் வரமுடியாது. வந்தால் அரை நாள் சம்பளம் போகும். அதைப் பார்த்துவிட்டு ‘பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம். முதலில் அவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்க வேண்டும். கொத்தனாருக்குக் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் கிடைக்கலாம். பாட்டி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார்; அவர் உட்கார ஒரு நாற்காலி போட்டுவைக்க வேண்டும்.