சப்ஜா விதை ஏன் வீங்குகிறது?

வெயில் ஏறும் நாட்களில் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா வேறெதுவும் இல்லை, நம் திருநீற்றுப்பச்சிலையின் விதைதான். பாரசீக மருத்துவமும் அதன் உறவான யுனானியும் இதை வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தன.

ஒரு சிட்டிகை விதையைத் தண்ணீரில் போடுங்கள். சில நிமிடங்களில் ஒவ்வொரு கறுப்பு விதையையும் சுற்றிச் சாம்பல் நிறக் கூழ் திரளும். மேல்தோலில் அடைந்து கிடந்த நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீரைப் பற்றி விரிகின்றன. காய்ந்த மண்ணில் விதை ஈரத்தைப் பிடித்துவைக்க இது உதவும். குடலில் இந்தக் கூழ் எளிதில் செரிக்காது. நீரைத் தாங்கியபடி நகரும். இறுகிய மலம் இளகுவதும், தண்ணீராய்ப் போவது கெட்டிப்படுவதும் இதனால்தான்.

உலர்ந்த விதையை அப்படியே விழுங்காதீர்கள். தொண்டையிலேயே வீங்கி அடைக்கலாம். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.